எலிக்கிட்டியும் கூகைக் குச்சியும்: வயல் எலியைப் பிடிக்கும் வழி

போன சம்பாவில் எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கிற தம்பி ஒருவன் எலி பிடிக்கிற மூங்கில் பொறி, அதாவது கிட்டி, முப்பது வாங்கிவந்து, சாயங்காலம் பூராவும் உட்கார்ந்து வரப்பு மேலே வரிசையாக, கார்த்திகைக்கு விளக்கு வைக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போனான். காலையில் போய்ப் பார்த்தால் ஒரே ஒரு எலி. பாக்கிக் கிட்டியில் பாதி தட்டவே இல்லை, மீதியில் பொரியை நண்டு தின்றிருந்தது. "கிட்டி சரியில்லண்ணே" என்றான். கிட்டி நல்ல கிட்டிதான். அவன் நடக்க எந்த இடம் வசதியோ அங்கே வைத்திருந்தான். எலி நடக்கிற இடம் அதற்கு நாலடி கீழே இருந்தது.

அன்றைக்கு அவனோடு வரப்பில் நடந்துகொண்டே சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் நிலம் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்குக் கீழே, கோரையாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. களிமண். மற்ற ஊர் மண்ணுக்குச் சின்னச் சின்ன மாற்றம் வரலாம், ஆனால் எலி எல்லா ஊரிலும் எலிதான்.

முதலில் ஒன்று. பொறி, கண்ணி என்று பேச்செடுத்தாலே சிலருக்கு நரி, காட்டுப்பூனை, கீரி என்று கை அரிக்கும். அதெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது, கண்ணி வைத்தால் வழக்குதான். சட்டத்தை விடுங்கள், அவை மூன்றும் ராத்திரியும் பகலுமாக நம் வயலில் சம்பளம் இல்லாமல் எலி பிடிக்கிற ஆட்கள். கோழியைத் தூக்குகிறது என்று கோபம் வந்தால் கோழிக்கூண்டுக்கு நல்ல கதவாகப் போடுங்கள். கிட்டி எலிக்கு மட்டும்.

எங்கள் பக்கம் வயலில் வெட்டுவது பெரும்பாலும் வரப்பெலி. சிறு பெருச்சாளி வகை, மூஞ்சி கொஞ்சம் மொண்ணையாக, வால் உடம்பை விடக் குட்டையாக, தொட்டால் முரட்டு மயிராக இருக்கும், பிடிபட்டால் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். இதோடு புல்லெலியும் வயல் சுண்டெலியும் உண்டு. ஆனால் வரப்பைக் குடைவதும் கதிரை வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்து வைப்பதும் வரப்பெலிதான், அதனால் நமக்கு முதல் கணக்கு அதோடுதான். ஒரு வளையில் பெரும்பாலும் ஒரு பெரிய எலிதான் இருக்கும், அல்லது தாயும் குட்டிகளும். இது தெரிந்தால் ஒரு நன்மை: உயிருள்ள வளையை எண்ணிவிட்டால் ஏறக்குறைய எத்தனை எலியோடு மல்லுக்கட்டப் போகிறோம் என்று தெரிந்துவிடும்.

எண்ணுவதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, அதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஒரு கூடை சேற்றோடு வரப்பைச் சுற்றிவந்து, கண்ணில் படுகிற எல்லா வளையையும் சேற்றால் அடைத்துவிடுங்கள். மறுநாள் விடியற்காலை போனால் எது திறந்திருக்கிறதோ அது குடியிருக்கிற வளை. அடைத்தது அடைத்தபடி இருந்தால் அது பாழ்வளை, அதற்கு எதிரே கிட்டி வைத்து ஒரு ராத்திரியை வீணாக்க வேண்டாம். நாற்பது வளை அடைத்தால் எனக்குச் சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டுதான் திறந்திருக்கும். புதிதாகக் கிட்டி வைக்கிறவன் நாற்பதையும் பார்த்துப் பயந்துவிடுகிறான்.

இதில் நண்டு வளையையும் எலி வளையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நண்டு வளை உருண்டையாக, தண்ணீர் மட்டத்தை ஒட்டி, வாயைச் சுற்றி ஈரமண் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். எலி வளைக்கு முன்னால் மண் பொலபொலவென்று, முறத்தில் கொட்டிய மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். வரப்பெலி பகலில் உள்ளே இருந்துகொண்டு வாயை அந்த மண்ணாலேயே மூடிவிடுகிற வழக்கம் உள்ளது, அதனால் பொந்து தெரியாது, மண்குவியல் மட்டும்தான் தெரியும். அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஈரமாக, கருப்பாக, விரலில் ஒட்டினால் நேற்று ராத்திரி தள்ளிய மண். மேலே வெளுத்து, பொருக்கு கட்டி, மழைத்துளி பட்ட குழி இருந்தால் பழசு. பயிர் வெட்டிலும் இதே கணக்குதான்: எலி வெட்டினால் தூர் சாய்வாக, கத்தியால் சீவிய மாதிரி வெட்டுப்பட்டிருக்கும், வெட்டு வாய் பச்சையாக இருந்தால் புதுசு, பழுப்பேறி இருந்தால் எலி அந்தப் பக்கம் வந்து நாளாகிவிட்டது. குருத்துப்பூச்சி அடித்த வெண்கதிரைப் பார்த்து எலி என்று அலறுகிறவர்களும் உண்டு. அது இழுத்தால் கையோடு உருவிக்கொண்டு வந்துவிடும், அதில் வெட்டு இருக்காது.

அப்புறம் தடம். இதைச் சொல்லிக் கொடுத்தது எங்கள் ஊருக்கு வருஷா வருஷம் கிட்டி வைக்க வருகிற ஒரு பெரியவர். நான் அவரோடு முதல் தடவை போனபோது வரப்பையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவர் வயலுக்குள் இறங்கி, பயிரின் அடியில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன பெரியவரே, அங்க?"

"மேல நின்னு பாத்தா பயிருதான் தெரியும் தம்பி. எலி ஒசரத்துக்கு வந்து பாருங்க."

உட்கார்ந்து பார்த்தேன். வரப்பின் பக்கவாட்டில், புல்லுக்கு அடியில், ஒரு சாண் அகலத்துக்குப் புல் படிந்து மண் வழவழவென்று இருந்தது, ஈர விரலால் யாரோ ஒரே கோடாக இழுத்துவிட்ட மாதிரி. அந்தக் கோடு வளை வாயிலிருந்து கிளம்பி, வரப்படியை ஒட்டியே ஐந்தாறு அடி போய், ஒரு இடத்தில் சட்டென்று பயிருக்குள் திரும்பியது. திரும்புகிற இடத்தில் சேற்றில் கால்தடம். முன்காலில் நாலு விரல், பின்காலில் ஐந்து, நடுவில் வால் இழுபட்ட கீறல். பெரியவர் அந்தத் திருப்பத்தில்தான் கிட்டியை வைத்தார். வளை வாயிலும் வைக்கவில்லை, வெட்டுப்பட்ட திட்டிலும் வைக்கவில்லை. வளை வாயில் எலி உஷாராக இருக்கும், மூக்கை நீட்டி மோந்து பார்த்துத்தான் வெளியே வரும். வெட்டுகிற திட்டில் அதற்கு நாலு பக்கமும் வழி. திருப்பத்தில் அது தினம் போகிற வழி, ஒரே வழி, அசட்டையாக வரும். இதைத் தெரிந்துகொண்டபின் என் கிட்டிக்கு எலி கூடியது, கிட்டியின் எண்ணிக்கையைக் கூட்டாமலே.

இனி கிட்டி. தஞ்சாவூர்க் கிட்டி என்று வேளாண்மைத் துறைக்காரர்களே சொல்லுகிற மூங்கில் கிட்டியைத்தான் சொல்கிறேன். கட்டுகிற விதம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனால் சூட்சுமம் ஒன்றுதான்: மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்து, கயிற்றை இழுத்து, ஒரு சின்னக் குச்சியால் தடுத்து நிறுத்தியிருப்போம். இரை அந்தக் குச்சியோடு இருக்கும். எலி இரையை இழுத்தால் குச்சி நழுவும், வில் நிமிரும், கயிறு கழுத்தில் விழுந்து இறுகும். கரண்ட் வேண்டாம், மருந்து வேண்டாம், உடைந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

புதிதாகச் செய்கிறீர்கள் என்றால் முற்றின மூங்கிலாக எடுங்கள். பச்சை மூங்கில் வளைத்த அன்றைக்கு நன்றாக இருக்கும், நாலு நாளில் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும், வில்லுக்குத் திரும்பும் வேகம் போய்விடும். கணு இல்லாத இடமாகப் பார்த்துப் பிளக்க வேண்டும், கணு இருக்கிற இடத்தில் வளையாது, வளைத்தால் முறியும். மூங்கிலின் தோல் பக்கம் வில்லின் வெளிப்புறமாக இருக்கட்டும், உள்ளே போனால் சீக்கிரம் சிலும்பி உடையும். கட்டி முடித்ததும் கிட்டியில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு பச்சைக் குச்சியை வைத்துத் தட்டிப் பாருங்கள். குச்சியில் ஆழமாகப் பள்ளம் விழுந்தால் சரி. லேசாகத் தடம் மட்டும் விழுந்தால் அந்தக் கிட்டி எலியைக் கொல்லாது, நோகடிக்கும், அது பாவமும் கூட, நமக்கு நஷ்டமும் கூட, ஏனென்றால் தப்பின எலி மறுபடி கிட்டிப் பக்கம் தலைவைக்காது. தடுப்புக் குச்சி எவ்வளவு லேசாக நிற்கிறதோ அவ்வளவு நல்லது, ஆனால் காற்றுக்கே தட்டுகிற அளவுக்கு லேசாக வைத்தால் ராத்திரி ஒன்பது மணிக்கே முப்பதும் தட்டிக் கிடக்கும். இது கைப்பழக்கம், எழுதிச் சொல்ல முடியாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு துடைப்பக் குச்சியால் ஐம்பது தடவை தட்டிப் பழகுங்கள்.

இரைக்கு நான் வைப்பது பொரி அல்லது வறுத்த நெல். வறுத்த வாசனைதான் முக்கியம். தேங்காய்ச் சில்லைச் சுட்டு வைத்தாலும் எடுக்கும். கருவாடு வைக்கிறவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது, எலியை விட நாயும் பூனையும் முதலில் வந்துவிடும். நண்டுத் தொல்லை இருக்கிற வயலில் இரையைத் தரையில் படாமல் இரண்டு விரல் உயரத்தில் நிறுத்துங்கள். ஆள் வாசனை பட்டால் எலி வராது என்று சொல்லுகிறவர்கள் சாணியைக் கரைத்துக் கையில் பூசிக்கொள்வார்கள், நானும் செய்திருக்கிறேன், பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. நாள் முழுக்க வயலில் நம் வாசனைதானே இருக்கிறது. ஆனால் பூச்சிமருந்து அடித்த கையோடோ மண்ணெண்ணெய் தொட்ட கையோடோ கிட்டியைத் தொடாதீர்கள், அந்த வாடை இரையில் ஏறும். புதுக் கிட்டியாக இருந்தால் அந்த வயல் சேற்றையே எடுத்துப் பூசிவிட்டு ஒரு நாள் காயவிட்டு வைப்பது நல்லது.

எலிக்குப் புதுப்பொருள் என்றாலே கொஞ்சம் சந்தேகம். வயலில் அவ்வளவு தெரியாது, களத்திலும் பத்தாயத்துக்கு அடியிலும் வைக்கிற எலிக்கூண்டில் நன்றாகத் தெரியும். அங்கே முதல் இரண்டு நாள் கூண்டின் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, உள்ளே இரை போட்டுத் தின்னவிடுங்கள். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்துவிடுங்கள். பசை அட்டை வைக்காதீர்கள், பல்லியும் அணில்குஞ்சும் ஒட்டிக்கொண்டு துடிக்கிறதைப் பார்க்கச் சகிக்காது.

சரி, எப்போது வைப்பது? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கதிர் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தபிறகு கிட்டிக்காரரைத் தேடி ஓடுகிறார்கள். பால் பிடித்த கதிர் வயல் பூராவும் தொங்கிக்கொண்டிருக்கும்போது, உங்கள் கைப்பிடிப் பொரிக்கு எலி எதற்கு வர வேண்டும்? அதற்குக் கல்யாணச் சாப்பாடு பந்தி போட்டிருக்கிறது. கிட்டிக்கு நல்ல காலம் தொண்டைக்கதிருக்கு, அதாவது கதிர் வெளியே வராமல் தண்டுக்குள் திரண்டு நிற்கிற பருவத்துக்கு, முன்னால். நடவு முடிந்து பயிர் தூர் கட்டத் தொடங்கியதிலிருந்து கதிர் தொண்டைக்கு வருகிற வரைக்கும் எலிக்கு வயலில் தின்னப் பெரிதாக ஒன்றும் இல்லை, இரைக்கு ஓடிவரும். இன்னொன்று, பெண்ணெலி வயிற்றில் குட்டி தங்கினால் மூன்று வாரத்தில் போட்டுவிடும், போட்ட கையோடு மறுபடி சினைப்படும், ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டு என்று இருக்கும், அந்தக் குட்டிகளும் சுமார் மூன்று மாதத்தில் குட்டிபோடத் தயார். நெல்லின் வயதை இதோடு வைத்துப் பாருங்கள். நடவின்போது பிடித்த ஒரு பெண்ணெலியும் அறுவடைக்குப் பத்து நாள் முன்னால் பிடித்த ஒரு பெண்ணெலியும் ஒன்றாகாது.

அதைவிட நல்ல காலம் கோடை. இரண்டாம் போகமான தாளடி அறுத்து முடிந்தபின் ஜூன் 12 சுமாருக்கு மேட்டூர் அணை திறக்கும் வரை வயல் காய்ந்து கிடக்கும். எலிக்குத் தின்ன இல்லை, மறைய இல்லை, எல்லாம் வாய்க்கால் கரையிலும் பெரிய வரப்பிலும் வைக்கோல்போர் அடியிலும் ஒடுங்கிக் கிடக்கும். அப்போது பத்துப் பேர் சேர்ந்து ஒரே வாய்க்கால் பாசனத்தை ஒரே வாரத்தில் சுற்றினால் அடுத்த சம்பாவுக்குப் பாதி வேலை முடிந்தது. தனியாக என் வயலில் மட்டும் பிடித்தேன் என்றால் பக்கத்து வயல் எலி பத்து நாளில் அந்தக் காலி வளையில் குடிவந்துவிடும். கட்டின வீடு சும்மா கிடந்தால் யாருக்கும் ஆசை வரத்தானே செய்யும்.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வயல் முழுகினால் எலியெல்லாம் உயரமான வரப்புக்கு ஏறும். அப்போது கிட்டிக்கு நன்றாக விழும், ஆனால் எலிக்காய்ச்சலும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாளில் எந்த நாள் என்றால், நிலா இல்லாத ராத்திரி. பௌர்ணமியை ஒட்டின நாளில் எலி திறந்தவெளிக்கு வரத் தயங்கும், மேலேயிருந்து ஆந்தை பார்க்கும் என்று அதற்கும் தெரியும். நான் தேய்பிறை அஷ்டமிக்கு மேல் தொடங்கி அமாவாசை தாண்டி இரண்டு மூன்று நாள் வரை வைப்பேன். மழை விட்ட மறுநாள் ராத்திரியும் நன்றாக இருக்கும்.

வைக்கிற முறை. பொழுது சாய ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கி இருட்டுக்குள் முடித்துவிட வேண்டும். நான் ஒரு மா நிலத்துக்கு, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு, எட்டுப் பத்துக் கிட்டி வைக்கிறேன், வெட்டு அதிகமென்றால் பதினைந்து வரை. எல்லாம் ஒரே சீராகப் பரப்ப வேண்டியதில்லை, திறந்த வளை அதிகமிருக்கிற பெரிய வரப்புப் பக்கம் கூட்டி வையுங்கள், ஒல்லி வரப்பில் குறையுங்கள். எலி அந்தத் தடத்தில் முன்னால் வந்தால் முதலில் இரை படுகிற மாதிரி, வில் தடத்துக்குக் குறுக்கே நிற்கிற மாதிரி வையுங்கள். இரண்டு பக்கமும் புல்லையோ சின்னக் குச்சிகளையோ செருகி லேசாக நெருக்கிவிட்டால் எலி சுற்றிக்கொண்டு போகாது. கிட்டியை நட்ட முளைக்குச்சி ஒரு சாணாவது மண்ணுக்குள் இறங்க வேண்டும், இல்லையென்றால் நரியோ நாயோ எலியோடு கிட்டியையும் இழுத்துக்கொண்டு போகும். கிட்டி வைத்த இடத்துக்கு நேராக வரப்பில் நாலு வைக்கோலை முடிச்சிட்டுச் செருகுங்கள். எத்தனை வைத்தோம் என்று செல்லில் எழுதிக்கொள்ளுங்கள். இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு வருஷம் முப்பத்திரண்டு வைத்து முப்பத்தொன்று எடுத்துவந்தேன். மிச்சம் ஒன்று களையெடுக்க வந்த ஒரு அம்மாவின் கால் கட்டைவிரலில் தட்டியது. நகம் போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் அந்த வரப்பில் எதிரே வந்தால் இன்றைக்கும் முகம் பார்க்கக் கூச்சம்.

காலையில் ஆறு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். நேரமானால் காக்காய் கொத்தும், எறும்பு மொய்க்கும், வெயிலேறினால் கயிறும் கெடும். கையில் டார்ச்சும் ஒரு கம்பும் இல்லாமல் வயலில் இறங்காதீர்கள். எலி விழுந்த கிட்டிக்குப் பாம்பும் வரும். சாரையென்றால் அதன் பாட்டுக்குப் போகவிடுங்கள், அதுவும் எலி பிடிக்கிற ஆள்தான். கண்ணாடி விரியன் வைக்கோல் நிறத்தில் அசையாமல் கிடக்கும், மிதிக்கிற வரை தெரியாது. வளைக்குள் கையைவிட்டு எலியைப் பிடிக்கிறேன் என்று வீரம் காட்ட வேண்டாம், எலி வெட்டின வளையில்தான் நல்ல பாம்பு குடியிருக்கும். கடித்துவிட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரி, விஷமுறிவு ஊசி அங்கேதான்.

எலியைத் தொட கையுறை, அது இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டாவது எடுங்கள். எலி மூத்திரத்தில் இருக்கிற கிருமிதான் எலிக்காய்ச்சல். காலில் சேற்றுப்புண், வெட்டுக்காயம் இருந்தால் தேங்கின தண்ணீர் வழியாகவே ஏறிவிடும். கிட்டி வைத்த ஒன்றிரண்டு வாரத்தில் கடுங்காய்ச்சல், ஆடுசதையில் வலி, கண் சிவப்பு என்று வந்தால் டாக்டரிடம் எலி பிடித்தேன் என்பதை முதலில் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். செத்த எலியை வாய்க்காலில் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். சுட்டுச் சாப்பிடுகிறவர்கள் ஊரில் உண்டு, வயல் எலி நெல் தின்று வளர்ந்தது, அவர்களுக்குத் தெரியும் எப்படிச் சுத்தம் பண்ணுவது என்று. ஆனால் பக்கத்தில் யாராவது மருந்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மருந்து பற்றி இரண்டு வார்த்தை. சிங்க் பாஸ்பைடை எலி அரைகுறையாகத் தின்று வயிறு வலித்துப் பிழைத்துக்கொண்டால், அந்த இரை வாசனை பட்ட பக்கமே பிறகு திரும்பாது, அடுத்த மாதம் கிட்டிப் பொரியையும் சந்தேகப்படும். ப்ரோமடியோலோன் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும், அதை ராத்திரி கூகை என்கிற ஆந்தை சுலபமாகப் பிடிக்கும், அப்புறம் கூகையும் போய்விடும். மின்வேலி போடுகிறவர்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. எலிக்காகக் கம்பி இழுத்து, ராத்திரி மடை பார்க்க வந்த ஆள் அடிபட்டுச் செத்த செய்தி நம் பக்கம் வருஷா வருஷம் வருகிறது. அது குற்றம், ஜெயில்.

இப்போது கூகை. கிட்டி நாம் ஊரில் இருக்கிற நாளைக்குத்தான் வேலை செய்யும். கல்யாணம், காது குத்து, மழை என்று நாலு நாள் விட்டால் எலிக்குக் கொண்டாட்டம். அந்த நாளைக்கும் சேர்த்து ஆள் வைக்க வேண்டுமென்றால் கூகையைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுவதற்குக் குரல் கொடுக்க வேண்டாம், உட்கார ஒரு இடம் கொடுத்தால் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் எத்தனை தென்னை விழுந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதன்பிறகு எங்கள் வயல்வெளியில் பறவை உட்கார ஒரு மரம் கண்ணில் படவில்லை. கூகை பறந்துகொண்டே எலி பிடிப்பதும் உண்டு, ஆனால் உயரத்தில் சும்மா உட்கார்ந்து காதால் கேட்டுப் பிடிப்பது அதற்குச் சுலபம். இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இல்லாததால் சத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு கீழே என்று கும்மிருட்டிலும் கணித்துவிடும்.

காசு செலவு பண்ண வேண்டியதில்லை. காய்ந்த தென்னை மட்டையை ஓலை கழித்து, அடிப்பக்கத்து அகலம் மேலே வருகிற மாதிரி தலைகீழாக நட்டால் அந்த அகலத்தில் நன்றாக உட்காரும். இல்லையென்றால் ஒரு கம்பு, மேலே ஒரு முழத்துக்குக் குறுக்குச் சட்டம். பயிர் முழு உயரத்துக்கு வளர்ந்தாலும் அதற்கு மேல் இரண்டு மூன்று அடி நிற்க வேண்டும். ஆடக் கூடாது, ஆடுகிற குச்சியில் பெரிய பறவை இரண்டாம் தடவை உட்காராது. ஏக்கருக்குப் பதினைந்து இருபது நடுங்கள், அதில் பாதி உயிருள்ள வளைக்குப் பக்கத்தில். பகலில் அதிலேயே கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும், அது மேல்வரும்படி. கதிர் பால் பிடித்ததும் நான் முக்கால்வாசியைப் பிடுங்கிவிடுகிறேன், இல்லையென்றால் கிளியும் சிட்டும் அதிலேயே உட்கார்ந்து நெல்லைத் தின்னும். நாலைந்தை மட்டும் வளை இருக்கிற வரப்பில் விட்டுவைப்பேன்.

கூகை வந்ததா என்று எப்படித் தெரியும்? குச்சியின் கீழே பாருங்கள். சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை எச்சம். அதோடு கட்டைவிரல் அளவில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை கிடக்கும். நான் முதலில் அதை ஏதோ மிருகத்தின் விட்டை என்று நினைத்தேன். கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் இப்படி உருண்டையாகக் கக்கிவிடும். ஒன்றைத் தண்ணீரில் போட்டு ஈர்க்குச்சியால் பிரித்துப் பார்த்தேன். மயிருக்குள்ளே இரண்டு மண்டையோடு, உடையாமல், முன்பல் நாலும் ஆரஞ்சு நிறத்தில் அப்படியே. சின்னச் சின்ன முதுகெலும்புகள் வெள்ளெள்ளு மாதிரி. ஒரு ராத்திரிக்கு இரண்டு மூன்று எலி, குஞ்சு இருக்கிற காலத்தில் இன்னும் கூட.

ஆனால் கூகையைக் கூப்பிடுவதில் பெரிய தடை வீட்டுக்குள்தான் இருக்கிறது. நான் முதல் வருஷம் குச்சி நட்டபோது சித்தப்பா வரப்பில் நின்று, "சாவுக்குருவிய வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறியாடா? அது கத்துனா வீட்ல ஒண்ணு விழும்" என்றார். "விழுதுதான் சித்தப்பா, நம்ம வீட்ல இல்ல, எலி வீட்ல" என்றேன். திட்டினார். அடுத்த வருஷம் அவர் வயல் ஓரத்தில் இரண்டு மட்டை நட்டிருந்தது, யார் நட்டது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கூகை முட்டையிடுவது கோபுரப் பொந்திலும், ஓடாத பழைய ரைஸ் மில்லிலும், பூட்டிக் கிடக்கிற வீட்டுப் பரணிலும்தான். கும்பாபிஷேகத்துக்கு வெள்ளையடிக்கும்போது பொந்து பொந்தாகக் கம்பிவலை போட்டு அடைக்கிறார்களே, அதில் ஆள் கண்ணில் படாத பின்பக்கத்தில் ஒன்றிரண்டை விட்டுவைக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கள் ஊரில் கேட்டுப் பார்த்தேன், இன்னும் நடக்கவில்லை.

கடைசியாக வரப்பு. எலி அகலமான வரப்பில்தான் வளை தோண்டும், அதற்கு உள்ளே படுக்க அறை, நெல் வைக்க அறை, ஓடித் தப்பிக்க மெல்லிசாக மண் மூடின பின்வாசல் எல்லாம் வேண்டும். அண்டை வெட்டும்போது, அதாவது வரப்பின் பக்கங்களைச் செதுக்கும்போது, உள்வரப்புகளை ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரத்துக்குமேல் விடாதீர்கள், அந்த வரப்பில் அறை கட்ட இடம் பத்தாது. புல்லையும் ஒட்டச் செதுக்கிவிட்டால் தடம் மறைய இடமில்லை. வளையைத் தோண்டுகிறீர்கள் என்றால் முதலில் அந்தப் பின்வாசலைக் கண்டுபிடித்து அடையுங்கள், இல்லையென்றால் நீங்கள் முன்னால் தோண்டிக்கொண்டிருக்கும்போது எலி பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும்.

சீசன் முடிந்ததும் கிட்டியைக் கழுவி, வில்லின் கயிற்றைத் தளர்த்திவிட்டுக் கட்டாகக் கட்டி அடுப்படிப் பரணில் வையுங்கள். இழுத்துக் கட்டினபடியே வைத்தால் மூங்கில் அந்த வளைவிலேயே செத்துவிடும். புகை படுகிற இடத்தில் உளுவும் வராது. எங்கள் வீட்டில் இப்போது கேஸ் அடுப்பு, புகை இல்லை, அதனால் வேப்பெண்ணெய் ஒரு கை தடவி வைக்கிறேன்.

அந்தத் தம்பி இந்த வருஷம் நாற்று பாவும்போதே வந்து கேட்டான், "அண்ணே, சேறு எப்ப அடைக்கப் போறீங்க, நானும் வர்றேன்." வருகிற அமாவாசைக்கு நாலு நாள் முன்னால், சாயங்காலம் நாலு மணிக்கு. கூடை அவன் கொண்டுவருகிறான்.